ஒரு இசைவிழாவை விலைக்கு வாங்கினால் கையில் என்ன வரும்?

தொழிற்சாலை ஒன்றை வாங்குகிறவருக்குக் கட்டடம் கிடைக்கும், இயந்திரம் கிடைக்கும், கிடங்கில் கிடக்கும் சரக்கும் கிடைக்கும். தொழில் படுத்துவிட்டாலும் நிலத்தையாவது விற்றுக் காசாக்கலாம். கணினியிலும் மின்னணுக் கருவிகளிலும் செய்த இசையை டிஜேக்கள் ஒலிக்கவிட, கூட்டம் ஆடித் தீர்க்கும் மின்னணு நடன இசைவிழா ஒன்றை வாங்குகிறவருக்கு என்ன கிடைக்கும்? பெரும்பாலும் மைதானம் வாடகை. மேடைச் சட்டங்கள் வாடகை. ஒலிபெருக்கி, விளக்கு, ஜெனரேட்டர், தற்காலிகக் கழிப்பறை எல்லாமே வாடகை. டிஜே அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் மட்டும் நம்முடையவர். அடுத்த நாள் வேறு நாட்டில் வேறு மேடையில் இருப்பார். விழா முடிந்த மறுநாள் லாரிகள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போன பிறகு மிச்சம் இருப்பது மிதிபட்ட புல்வெளி.

இருந்தும் 2012 தொடங்கி அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெரிய நிறுவனங்கள் இத்தகைய விழாக்களை நடத்துகிறவர்களை வரிசையாக விலைக்கு வாங்கின. கோடிக்கணக்கான டாலர் கைமாறியது. சில விழாக்கள் பெருகின, சில அழிந்தன, ஒரு பெரிய நிறுவனமே திவாலானது. இந்த இசையை நேசிக்கிறவர்கள் பலருக்கு ‘பெரிய கம்பெனி வாங்கிவிட்டது, இனி எல்லாம் போச்சு’ என்ற வருத்தம் மட்டும் தெரியும். என்ன வாங்கினார்கள், எப்படி வாங்கினார்கள், ஏன் சில இடத்தில் அது பலித்தது, சில இடத்தில் கவிழ்ந்தது என்பது தெரியாது. அதை முதலிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

புரமோட்டர் என்பவர் யார்

இந்தத் தொழிலில் விழாவை நடத்துகிறவருக்குப் புரமோட்டர் என்று பெயர். இசைக்கலைஞர் அல்ல, அரங்கத்தின் உரிமையாளரும் அல்ல. எல்லாரையும் ஓரிடத்தில் கூட்டி, நட்டம் வந்தால் தன் தலையில் ஏற்றுக்கொள்கிறவர். இடம் பிடிப்பது, நகராட்சியிடமும் காவல்துறையிடமும் அனுமதி வாங்குவது, கலைஞர்களுக்கு முன்பணம் கொடுப்பது, டிக்கெட் விற்பது, மருத்துவக் குழுவையும் பாதுகாப்பு ஆட்களையும் நிறுத்துவது எல்லாம் அவர் பொறுப்பு.

வருமானம் முதலில் டிக்கெட்டில் வருகிறது. அப்புறம் குடிவகை, உணவுக் கடைகள் தரும் பங்கு, கூடாரம் போட்டுத் தங்குவதற்கான கட்டணம், விஐபி பகுதி, விளம்பரதாரர் பணம். செலவுகள் முன்கூட்டியே தெரிந்தவை. வருமானம் கடைசி நாள்வரை நிச்சயமில்லாதது. ஒரு நாள் மழை ஆண்டு முழுவதற்குமான லாபத்தைக் கரைத்துவிடும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். டிக்கெட் பணம் விழாவுக்குப் பல மாதங்கள் முன்பே வந்துவிடுகிறது. சரக்கைக் கொடுப்பதற்கு முன்பே காசு கைக்கு வருகிற தொழில்கள் உலகில் கொஞ்சம்தான். கையில் இருக்கும் அந்தப் பணம் இன்னும் சம்பாதித்த பணம் ஆகவில்லை. அது ரசிகருக்குக் கொடுத்த வாக்கு. அதைத் தன் பணமாக நினைத்துச் செலவழிக்கிற புரமோட்டர் எத்தனை பெரியவராக இருந்தாலும் ஒரு நாள் மாட்டிக்கொள்வார்.

ஏன் குறிப்பாக இந்த இசை

ராக் இசை நிகழ்ச்சிக்குப் போகிறவர் ஒரு குழுவைப் பார்க்கப் போகிறார். குழு பிரிந்தால் நிகழ்ச்சி இல்லை. மின்னணு நடன இசையில் கதை வேறு. ரசிகர்கள் விழாவின் பெயரைப் பார்த்தே டிக்கெட் வாங்குகிறார்கள். யார் யார் வாசிக்கப் போகிறார்கள் என்ற பட்டியல் வெளிவருவதற்கு முன்பே விற்றுத் தீர்ந்துபோகும் விழாக்கள் உண்டு. மேடை அலங்காரம், விளக்கு, கூட்டம், அங்கே கிடைக்கும் விடுதலை உணர்வு இவைதான் சரக்கு. பாடல்களில் சொற்கள் குறைவு என்பதால் மொழித் தடையும் இல்லை. ஒரு நாட்டில் பெயரெடுத்த விழாவை அதே பெயரில் இன்னொரு கண்டத்தில் நடத்தலாம்.

முதலீட்டாளர் கண்ணுக்கு இது எப்படித் தெரியும்? எந்த ஒரு கலைஞரையும் சார்ந்திராத, எங்கும் கொண்டுபோகக்கூடிய, இளைஞர்கள் ஆண்டுதோறும் திரும்பி வருகிற ஒரு முத்திரைப்பெயர். அந்தப் பெயரைத்தான் அவர்கள் விலைக்கு வாங்க வந்தார்கள்.

ஆனால் அந்தப் பெயர்களை உருவாக்கியவர்கள் முதலீட்டாளர்கள் அல்ல. 1990களின் தொடக்கத்தில் பழைய கிடங்குகளிலும் சிறிய கிளப்களிலும் இரவு முழுக்க நடந்த ரேவ் கொண்டாட்டங்களிலிருந்து வந்தவர்கள் அவர்கள். நெதர்லாந்தில் ஐடி அண்ட் டி 1992இல் தொடங்கியது. தொடங்கிய மூன்று நண்பர்களுடைய பெயரின் முதலெழுத்துகள்தான் அந்தப் பெயர். அதே ஆண்டு இங்கிலாந்தின் லிவர்பூலில் கிரீம் என்ற கிளப் இரவு தொடங்கி, 1998இல் கிரீம்ஃபீல்ட்ஸ் என்ற திறந்தவெளி விழாவாக வளர்ந்தது. 1993இல் லாஸ் ஏஞ்சலஸில் பாஸ்குவாலே ரொட்டெல்லா இன்சோம்னியாக்கைத் தொடங்கினார். அவருடைய எலக்ட்ரிக் டெய்சி கார்னிவல் 2011இல் லாஸ் வேகஸின் மோட்டார் பந்தயத் திடலுக்கு இடம்பெயர்ந்தபோது மூன்று இரவுகளில் சுமார் 2,30,000 பேர் வந்தார்கள். இருபது ஆண்டுகள் பட்டுத் தெரிந்துகொண்ட கைப்பக்குவம் அது. எந்த நேரத்தில் எந்த மேடையில் கூட்டம் நெரியும், எந்த வாசலில் தண்ணீர் வைக்க வேண்டும், எந்த டிஜேயை விடியற்காலைக்கு வைக்க வேண்டும் என்பதெல்லாம் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இல்லை.

சேர்த்து வாங்கும் கணக்கு

இந்தக் கதையின் மையத்தில் ராபர்ட் சில்லர்மேன் என்ற அமெரிக்கத் தொழிலதிபர் இருக்கிறார். 1990களின் பிற்பகுதியில் அமெரிக்கா முழுக்க நகரத்துக்கு ஒருவராகப் பிரிந்துகிடந்த இசை நிகழ்ச்சிப் புரமோட்டர்களை ஒவ்வொருவராக வாங்கி, எஸ்.எஃப்.எக்ஸ் என்டர்டெயின்மென்ட் என்ற ஒரே நிறுவனமாக்கினார். 2000ஆம் ஆண்டில் அதை கிளியர் சேனல் என்ற வானொலி நிறுவனம் கடனையும் சேர்த்து சுமார் 440 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. 2005இல் அந்தப் பிரிவு தனியாகப் பிரிந்து லைவ் நேஷன் ஆனது. இன்று உலகின் மிகப் பெரிய நிகழ்ச்சி நிறுவனமான லைவ் நேஷனின் வேர் அங்கேதான் இருக்கிறது.

இப்படிச் சிறியவற்றைச் சேர்த்து வாங்கிப் பெரிதாக்குவதை வணிக உலகில் ரோல்-அப் என்பார்கள். இதன் கணக்கு எளிது. ஒரு கற்பனை உதாரணம் பார்ப்போம். ஒரு சிறிய புரமோட்டர் ஆண்டுக்கு 20 லட்சம் டாலர் லாபம் காண்கிறார். அவரிடம் போய் ‘உங்கள் லாபத்தைப் போல ஐந்து மடங்கு தருகிறேன்’ என்று சொல்லி 1 கோடி டாலருக்கு வாங்குகிறீர்கள். இதேபோல் பத்துப் பேரை வாங்குகிறீர்கள். செலவு 10 கோடி. மொத்த ஆண்டு லாபம் 2 கோடி. இப்போது இந்தப் பத்தையும் ஒரே பெயரில் கட்டிப் பங்குச்சந்தைக்குக் கொண்டுபோகிறீர்கள். பெரிய நிறுவனம், பல நாடுகள், வேகமாக வளரும் துறை என்று நம்பி முதலீட்டாளர்கள் லாபத்தைப் போல 12 மடங்கு மதிப்புக் கொடுக்கிறார்கள். 24 கோடி. ஒரு ரசிகர்கூடப் புதிதாக வரவில்லை. ஒரு மேடைகூடக் கூடவில்லை. 14 கோடி பிறந்துவிட்டது.

இது மோசடி அல்ல. பத்துச் சிறிய தொழில்களைவிட ஒரு பெரிய தொழிலில் ஆபத்து பரவலாகிறது என்பதற்குச் சந்தை கொடுக்கும் விலை அது. ஒரு விழா மழையில் நனைந்தாலும் மற்ற ஒன்பது காப்பாற்றும் என்ற எண்ணம். சேர்த்த பிறகு பேரம் பேசும் வலிமையும் கூடும்: விளம்பரதாரரிடம் பத்து விழாக்களை மொத்தமாக விற்கலாம், டிக்கெட் மென்பொருளை ஒன்றாக்கலாம். ஆனால் இந்தக் கணக்கு நிற்க இரண்டு விஷயங்கள் மாறாமல் இருக்க வேண்டும். வாங்கிய தொழில் ஒவ்வொன்றும் பழைய லாபத்தைத் தொடர்ந்து ஈட்ட வேண்டும். வாங்கக் கடன் பட்டிருந்தால் அந்த வட்டியை லாபம் தாங்க வேண்டும். இரண்டுமே இந்த இசையில் தவறிப்போயின.

ஒப்பந்தத்தின் உள்ளே

‘வாங்கிவிட்டார்கள்’ என்ற ஒரு சொல்லுக்குள் பல வகை இருக்கிறது. முழுவதையும் வாங்கலாம், 51 சதவீதம் வாங்கி முடிவெடுக்கும் அதிகாரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், பாதி வாங்கித் தொடங்கியவரைக் கூட்டாளியாகவே வைத்துக்கொள்ளலாம். விலையும் முழுக்க ரொக்கமாக வருவதில்லை. ஒரு பகுதி ரொக்கம், ஒரு பகுதி வாங்குகிற நிறுவனத்தின் பங்குகள், இன்னொரு பகுதி ‘அடுத்த மூன்று ஆண்டுகளில் இன்ன லாபம் காட்டினால் தருகிறோம்’ என்ற வாக்குறுதி. இந்தக் கடைசிப் பகுதிக்கு எர்ன்-அவுட் என்று பெயர்.

எர்ன்-அவுட் இரு தரப்புக்கும் நியாயமாகத்தான் தெரியும். ஆனால் அது விழாவின் இயல்பையே மெல்ல மாற்றும். அதுவரை ‘இந்த ஆண்டு லாபம் குறைந்தாலும் பரவாயில்லை, மேடையை இன்னும் அழகாகச் செய்வோம்’ என்று நினைத்தவர், இப்போது மூன்று ஆண்டுக்குள் ஒரு எண்ணைத் தொட வேண்டும். தண்ணீர்க் குழாய்களைக் கூட்டுவதா, விஐபி மேடையைக் கூட்டுவதா என்ற கேள்வி வரும்போது அந்த எண் கூடவே உட்கார்ந்து பேசும். விற்றவர் அதே தொழிலில் சில ஆண்டுகள் போட்டிக்கு இறங்கக் கூடாது என்ற நிபந்தனையும் வழக்கமாக இருக்கும். ஆக, மனம் ஒட்டாமல் போனாலும் உடனே வெளியேறிப் புதிதாகத் தொடங்க வழியில்லை.

தொடங்கியவர்கள் ஏன் விற்கிறார்கள் என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். விற்றதற்காக அவர்களைத் துரோகி என்று ஏசுவது எனக்கு உடன்பாடில்லை. ஒவ்வோர் ஆண்டும் சொத்து முழுவதையும் ஒரே வார இறுதியின் வானிலைமேல் பந்தயம் கட்டுகிற வாழ்க்கை அது. டிஜேக்களின் சம்பளம் ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறது. பக்கத்திலேயே பெரிய நிறுவனத்தின் பணபலத்தோடு ஒரு போட்டி விழா முளைத்தால், பெயர்பெற்ற கலைஞர்களை அது தட்டிக்கொண்டு போய்விடும். அதோடு, தன்னிடம் வாசிப்பவர் சுற்றுவட்டாரத்தில் சில மாதங்களுக்கு வேறெங்கும் வாசிக்கக் கூடாது என்றும் ஒப்பந்தம் போடும். அப்போது வந்து நீட்டுகிற கையைத் தட்டிவிடுவது எல்லாராலும் முடியாது.

சில்லர்மேனின் இரண்டாவது சுற்று

2012இல் சில்லர்மேன் அதே எஸ்.எஃப்.எக்ஸ் பெயரோடு திரும்பி வந்தார். மின்னணு நடன இசையில் 100 கோடி டாலர்வரை செலவிடப்போவதாக அறிவித்தார். அமெரிக்காவின் டிஸ்கோ டானி பிரசென்ட்ஸ், வண்ணச் சாயம் தெளித்து நடத்தும் லைஃப் இன் கலர், நியூயார்க்கின் எலக்ட்ரிக் ஸூ விழாவை நடத்திய மேட் ஈவன்ட், சிகாகோவின் ரியாக்ட் பிரசென்ட்ஸ், நெதர்லாந்தின் ஐடி அண்ட் டி, ஜெர்மனியின் ஐ-மோஷன், ஆஸ்திரேலியாவில் ஸ்டீரியோசோனிக் நடத்திய டோட்டம் ஒன்லவ் என்று பட்டியல் நீண்டது. டிஜேக்கள் இசைக்கோப்புகளை வாங்கும் இணையக் கடையான பீட்போர்ட்டையும் சுமார் 5 கோடி டாலருக்கு வாங்கினார்.

எதிர்ப்பக்கத்தில் லைவ் நேஷன் சும்மா இருக்கவில்லை. 2012இல் கிரீமையும் லாஸ் ஏஞ்சலஸின் ஹார்ட் ஈவன்ட்ஸையும் வாங்கியது. 2013இல் இன்சோம்னியாக்கில் பாதியை, சுமார் 5 கோடி டாலருக்கு என்று அப்போது செய்திகள் வந்தன. இரண்டு பணக்காரர்கள் ஒரே ஏலத்தில் நின்றால் விலை எங்கே போகும்? விழாக்களின் விலையும் ஏறியது, டிஜேக்களின் சம்பளமும் ஏறியது.

2013 அக்டோபரில் எஸ்.எஃப்.எக்ஸ் நாஸ்டாக் பங்குச்சந்தையில் நுழைந்தது. பங்கு 13 டாலர். திரட்டியது 26 கோடி டாலர். முதல் நாளே விலை 12 டாலருக்குக் கீழே இறங்கி முடிந்தது. அதற்குச் சில வாரங்கள் முன்னால்தான் எலக்ட்ரிக் ஸூ விழாவில் இரண்டு இளைஞர்கள் போதைப்பொருள் உட்கொண்டு உயிரிழந்து, நகர நிர்வாகத்தின் வேண்டுகோளால் மூன்றாம் நாள் நிகழ்ச்சி ரத்தாகியிருந்தது. முதலீட்டாளர்கள் ‘ஆபத்து’ என்ற தலைப்பில் படித்த வரிகளுக்குப் பின்னால் இரண்டு குடும்பங்களின் துயரம் இருந்தது. இதைச் சொல்லாமல் வெறும் எண்களை மட்டும் அடுக்கிக்கொண்டு போக மனம் வரவில்லை.

2014 பிப்ரவரியில் 22 கோடி டாலருக்குக் கடன் பத்திரங்களை வெளியிட்டது எஸ்.எஃப்.எக்ஸ். வட்டி 9.625 சதவீதம். அதாவது ஆண்டுக்கு 2 கோடி டாலருக்கு மேல் வட்டியாகவே போக வேண்டும். மேலே சொன்ன கற்பனைக் கணக்கில் பத்துப் புரமோட்டர்களின் மொத்த லாபம் எவ்வளவு என்று நினைவிருக்கிறதா? அதே 2 கோடி. விழா ஆண்டுக்கு ஒரு முறைதான் வரும்; வட்டித் தேதி மழையையும் பார்க்காது, பருவத்தையும் பார்க்காது. நிறுவனம் ஒவ்வோர் ஆண்டும் 10 கோடி டாலருக்கு மேல் நட்டத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

விழா நடத்துவதில் வரும் லாபம் மெல்லியது என்பதைச் சில்லர்மேனும் அறிந்திருந்தார். அவருடைய நம்பிக்கை வேறிடத்தில் இருந்தது: லட்சக்கணக்கான இளைஞர்களை ஒரே இணைய வலைக்குள் கொண்டுவந்து, விளம்பரதாரர்களிடம் அந்தக் கூட்டத்தின் கவனத்தை விற்பது. விழாக்கள் தூண்டில், விளம்பரம்தான் மீன். அந்த மீன் கடன் கொடுத்தவர்கள் பொறுக்கும் காலத்துக்குள் எதிர்பார்த்த அளவு சிக்கவில்லை. வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு பழக்கத்தில் வளர்ந்த இருபது முப்பது சிறு அணிகளை ஒரே நிறுவனமாக நெய்வதற்கும் நேரம் இருக்கவில்லை. வாங்குவது ஒரு கையெழுத்தில் முடிகிறது. ஒன்றாக்குவதற்கு ஆண்டுகள் வேண்டும்.

2015இல் சில்லர்மேன் நிறுவனத்தைப் பங்குச்சந்தையிலிருந்து தானே திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். முதலில் பங்குக்கு 4.75 டாலர், பிறகு 5.25. ஆகஸ்டில் அந்த முயற்சி முறிந்தது. அதே கோடையில் பீட்போர்ட் வழியாகத் தங்கள் இசையை விற்ற சிறு வெளியீட்டாளர்களுக்குச் சேர வேண்டிய பணம் தள்ளிப்போனது. படுக்கையறையில் உட்கார்ந்து இசை செய்து ஓரிரு நூறு டாலருக்குக் காத்திருந்தவர்கள், பார்த்தே இராத ஒரு பங்குப் பேரத்தின் அடியில் சிக்கினார்கள்.

செப்டம்பர் வந்தது. பெல்ஜியத்தின் டுமாரோலேண்ட் பெயரைத் தழுவி, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் எஸ்.எஃப்.எக்ஸ் நடத்திய டுமாரோவேர்ல்டில் மழை கொட்டியது. சாலைகள் சேறாகி, ரசிகர்களை ஏற்றிச்செல்ல வேண்டிய வண்டிகள் உள்ளே வர முடியவில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் நள்ளிரவில் மைல் கணக்கில் நடந்தார்கள். பலர் சாலையோரத்திலேயே படுத்துத் தூங்கினார்கள். கடைசி நாள் ஏற்கனவே உள்ளே கூடாரம் போட்டிருந்தவர்களுக்கு மட்டும் என்றானது. மழையை யாராலும் நிறுத்த முடியாது. மழை வந்தால் என்ன செய்வது என்ற ஏற்பாடுதான் புரமோட்டரின் தொழில்.

2016 பிப்ரவரி 1 அன்று எஸ்.எஃப்.எக்ஸ் அமெரிக்கத் திவால் சட்டத்தின் 11ஆம் அத்தியாயத்தின் கீழ் விண்ணப்பித்தது. இது கடையை மூடும் விண்ணப்பம் அல்ல; ‘கடன் கொடுத்தவர்களை நிறுத்திவையுங்கள், நான் என்னைச் சீரமைத்துக்கொள்கிறேன்’ என்று நீதிமன்றத்தைக் கேட்பது. அப்போது யாருக்கு எந்த வரிசையில் பணம் வரும் என்பதற்குச் சட்டம் ஒழுங்கு வைத்திருக்கிறது. சொத்தை ஈடாகப் பிடித்துக் கடன் கொடுத்தவர்கள் முன்னால். ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுத்தவர், மேடை கட்டியவர், சம்பள பாக்கியுள்ள கலைஞர் போன்றவர்கள் பின்னால். பங்குதாரர்கள் கடைசி. எஸ்.எஃப்.எக்ஸில் பங்குகள் மதிப்பிழந்தன. கடன் கொடுத்தவர்களே உரிமையாளர்களாக, அந்த ஆண்டு டிசம்பரில் நிறுவனம் லைவ்ஸ்டைல் என்ற புதுப் பெயரில் வெளியே வந்தது. விழாவை விற்றபோது விலையின் ஒரு பகுதியைப் பங்குகளாக வாங்கிக்கொண்ட புரமோட்டர்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்று இப்போது உங்களுக்கே விளங்கும். ஸ்டீரியோசோனிக் 2015க்குப் பிறகு நடக்கவில்லை. டுமாரோவேர்ல்டும் அத்தோடு முடிந்தது.

லைவ் நேஷன் ஏன் கவிழவில்லை

வாங்கியது இருவரும்தான். வித்தியாசம் எங்கே? லைவ் நேஷனுக்கு இந்த இசை பல கிளைகளில் ஒன்று. எல்லா வகை இசையும், அரங்கங்களும், 2010இல் இணைந்த டிக்கெட்மாஸ்டரின் டிக்கெட் கட்டணமும் அதன் வருமானத்தில் உண்டு. ஒரு விழா நட்டப்பட்டால் தாங்கும். இன்சோம்னியாக்கில் பாதியை மட்டும் வாங்கி, ரொட்டெல்லாவை நடத்துகிறவராகவே விட்டுவைத்தது முக்கியமான முடிவு என்று நினைக்கிறேன். கைப்பக்குவம் வெளியேறவில்லை. ஹார்ட் ஈவன்ட்ஸ் கதை வேறாகப் போனது. அதைத் தொடங்கிய கேரி ரிச்சர்ட்ஸ் 2017இல் விலகி, சில மாதங்களில் லைவ்ஸ்டைலில் சேர்ந்தார்.

ரசிகருக்கு இதனால் என்ன மாறுகிறது? நல்லதும் உண்டு, மறைக்கக் கூடாது. பெரிய நிறுவனத்துக்கு வழக்கு பயம் உண்டு, காப்பீட்டு நிறுவனத்தின் கண்டிப்பு உண்டு. ஆகவே மருத்துவக் கூடாரம், அவசர வழி, கூட்டக் கணக்கு ஆகியவற்றில் எழுதிவைத்த ஒழுங்கு வருகிறது. ரத்தானால் பணத்தைத் திருப்பித் தரும் வலுவும் இருக்கிறது. மறுபக்கம், ஒரே நிறுவனத்தின் விழாக்கள் ஒரே கலைஞர்களை மொத்தமாக ஒப்பந்தம் செய்வதால் எங்கு போனாலும் அதே பெயர்கள். மைதானத்தில் விஐபி பகுதி முன்னேறி வர, சாதாரண டிக்கெட்காரர் பின்னால் போகிறார். அனைத்தையும்விடக் கவலை தருவது, புரமோட்டரும் அரங்கமும் டிக்கெட் கவுன்டரும் ஒரே முதலாளியிடம் சேர்வது. 2024 மே மாதம் அமெரிக்க அரசின் நீதித்துறை லைவ் நேஷன்மேல் போட்டியை ஒடுக்குவதாக வழக்குத் தொடுத்தது இதன் பேரில்தான். புதிதாக ஒரு சிறிய விழாவைத் தொடங்க நினைக்கும் இருபத்தைந்து வயதுக்காரருக்கு இடமும் கலைஞரும் கிடைக்காவிட்டால், அடுத்த தலைமுறை இன்சோம்னியாக் எங்கிருந்து வரும்?

இப்போதைய அலை

பங்குச்சந்தை வழி கசந்த பிறகு வேறொரு வகைப் பணம் வந்தது: தனியார் முதலீட்டு நிதிகள். ஓய்வூதிய நிதிகள் போன்றவற்றிடம் பணம் திரட்டி, அதோடு கடனும் சேர்த்து நிறுவனங்களை வாங்கி, சில ஆண்டுகள் வளர்த்து, கூடுதல் விலைக்கு விற்றுவிடுவது இவற்றின் தொழில். என்றென்றும் வைத்திருக்க இவை எதையும் வாங்குவதில்லை. வாங்கும் நாளிலேயே விற்கும் நாள் கணக்கில் இருக்கும்.

2017இல் சூப்பர்ஸ்ட்ரக்ட் என்ற நிறுவனம் தொடங்கியது. தொடங்கியவர் கிரீமை உருவாக்கியவர்களில் ஒருவரும், பிறகு லைவ் நேஷனின் மின்னணு இசைப் பிரிவுக்குத் தலைமை தாங்கியவருமான ஜேம்ஸ் பார்ட்டன். பின்னால் இருந்த பணம் பிராவிடன்ஸ் ஈக்விட்டி என்ற முதலீட்டு நிறுவனத்துடையது. ஹங்கேரியின் சிகெட், பார்சலோனாவின் சோனார் என்று விழாக்கள் சேர்ந்தன, ஒருகாலத்தில் எஸ்.எஃப்.எக்ஸிடம் இருந்த ஐடி அண்ட் டியும் 2021இல் சேர்ந்தது. 2024இல் 80க்கும் மேற்பட்ட விழாக்களோடு சூப்பர்ஸ்ட்ரக்டை அமெரிக்காவின் கேகேஆர் என்ற மாபெரும் முதலீட்டு நிறுவனம் வாங்கியது. விலை சுமார் 130 கோடி யூரோ என்று செய்திகள் வந்தன. 2025 தொடக்கத்தில் பாய்லர் ரூமும் சூப்பர்ஸ்ட்ரக்ட் கைக்கு வந்தது. 2010இல் லண்டனில் ஒரு சிறிய அறையில், ஒரு வெப்கேமராவோடு டிஜே வாசிப்பதை இணையத்தில் காட்டத் தொடங்கிய முயற்சி அது.

அதன் பிறகு நடந்தது இந்தத் தொழில் எதிர்பார்க்காதது. இஸ்ரேலோடு தொடர்புள்ள கேகேஆரின் முதலீடுகளைச் சுட்டிக்காட்டி, 2025இல் சூப்பர்ஸ்ட்ரக்ட் விழாக்களில் ஒன்றான லண்டனின் ஃபீல்டு டே விழாவிலிருந்து பல கலைஞர்கள் விலகினார்கள்; சோனாருக்கும் எதிர்ப்புக் கடிதம் போனது. மேடை, ஒலி, விலை எதைப் பற்றியும் அவர்கள் புகார் சொல்லவில்லை. ‘டிக்கெட் பணம் கடைசியில் யாரிடம் போகிறது’ என்பதே அவர்களுடைய கேள்வி. தங்கள் உரிமையாளர் யார் என்பதை முடிவுசெய்யும் அதிகாரம் தங்களிடம் இல்லை என்று பாய்லர் ரூம் தரப்பே வெளிப்படையாகச் சொல்ல வேண்டிவந்தது. ஒரு விழாவை விற்கும்போது, அடுத்து அதை யார் வாங்கலாம் என்று சொல்லும் உரிமையும் சேர்ந்தே போய்விடுகிறது. முதல் விற்பனையில் கையெழுத்துப் போடுகிறவர் இரண்டாவது விற்பனையையும் மூன்றாவது விற்பனையையும் செய்தியில்தான் படிப்பார்.

விற்காதவர்களும் இருக்கிறார்கள். பெல்ஜியத்தின் போம் என்ற சிற்றூரில் 2005இல் ஐடி அண்ட் டியோடு சேர்ந்து டுமாரோலேண்டைத் தொடங்கிய பியர்ஸ் சகோதரர்களின் நிறுவனமே இன்றும் அதை நடத்துகிறது. உலகின் மிகப் பெரிய நடன இசைவிழாக்களில் ஒன்று அது.

எலக்ட்ரிக் ஸூவுக்கு என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே. திவாலுக்குப் பின் லைவ்ஸ்டைலிடம் இருந்த அந்த விழா 2022இல் புரூக்ளினில் பெரிய அரங்கம் நடத்திவந்த அவான்ட் கார்ட்னர் என்ற நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. பெயர் கிடைத்தது, ராண்டால்ஸ் தீவில் நடத்தும் வாய்ப்பு கிடைத்தது, பத்தாண்டு காலமாக வந்துபோன ரசிகர்கள் கிடைத்தார்கள். 2023 செப்டம்பரில் புதிய உரிமையாளரின் இரண்டாவது விழா. வெள்ளிக்கிழமை பிரதான மேடை கட்டி முடியவில்லை என்று முதல் நாள் ரத்து. சனிக்கிழமை வாசல் தாமதமாகத் திறந்தது, வரிசையில் மணிக்கணக்கில் நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை உள்ளே கூட்டம் அளவைத் தொட்டுவிட, கையில் டிக்கெட் வைத்திருந்தவர்களையும் வெளியிலேயே நிறுத்தினார்கள்; பலர் தடுப்புகளைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். 2024இல் எலக்ட்ரிக் ஸூ நடக்கவில்லை. 2025 ஆகஸ்டில் அவான்ட் கார்ட்னர் திவால் மனு கொடுத்தது.